கெர்னல் பேட்ச் நாட்குறிப்பு

கொழும்பு, மார்ச் 3

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் புதிதாகப் பேட்ச் (குறியீட்டு மாற்றம்) எழுதும் நம் மாணவர்கள், அதைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவி வாய்மூடினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அது பார்ப்பது பெரும்பாலும் குறியீட்டின் நடையை: உள்தள்ளலுக்கு எட்டு எழுத்து அகல டேப், வரி முடிந்தவரை 80 எழுத்துக்குள். 2020இல் அதன் எச்சரிக்கை எல்லை 100 ஆனது. நடை ஆவணம் இன்னும் 80ஐத்தான் விரும்புகிறது. கெர்னல் தன் பதிவில் எழுதும் பிரின்ட்கே செய்தியை மட்டும் நீளம் கருதி உடைக்காதீர்கள். உடைந்த வாசகம் கிரெப் என்ற தேடல் கருவியில் அகப்படாது.

மார்ச் 5

பேட்சின் உயிர் அதன் விளக்கத்தில் இருக்கிறது. தலைப்பில் துணைப்பகுதியின் பெயர், பிறகு சுருக்கம், 75 எழுத்துக்கு மேல் வேண்டாம். “சேர்த்தேன்” அல்ல, “சேர்” என்ற ஏவல் நடை. என்ன மாறியது என்பதை, பழைய வரியையும் புதிய வரியையும் ஒப்பிடும் டிஃபே காட்டிவிடும். ஏன் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். “நல் சோதனை சேர்” என்று மட்டும் எழுதினால், எந்த வழியில் அந்தப் பாயின்டர் (நினைவக முகவரி) நல், அதாவது வெறுமை, ஆகிறது என்ற கேள்வி உடனே வரும். விடை இல்லையென்றால் அந்தச் சோதனை உண்மையான பிழையை மூடி மறைக்கக்கூடும்.

பழைய பிழையைத் திருத்தினால் ஃபிக்சஸ் வரி வேண்டும்: அந்தப் பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் (கிட் என்ற பதிப்புக் கருவியில் பதிவான மாற்றத்தின்) அடையாளமான ஹாஷில் முதல் 12 எழுத்துகள், அடைப்புக்குறிக்குள் அதன் தலைப்பு. எவ்வளவு நீண்டாலும் ஒரே வரியில். வெளியான பதிப்புகளுக்குத் திருத்தம் சேர்க்கும் ஸ்டேபிள் கிளைகளைப் பராமரிப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் எந்தப் பதிப்பு வரை திருத்தம் போகவேண்டும் என்று அறிகிறார்கள். விளக்கத்தின் முடிவில் பெயரிடும் சைன்ட்-ஆஃப்-பை வரி, இதை அனுப்ப உரிமை உண்டு என்று சொல்லும், 2004 முதல் இருக்கும் உறுதிமொழி. இன்னொருவர் பெயரை நீங்களாகப் போடக்கூடாது.

மார்ச் 6

பேட்ச் மின்னஞ்சலில்தான் போகிறது. அதை ஜிமெயில் வலைப்பக்கத்தில் ஒட்டி அனுப்பவேண்டாம், டேப் எல்லாம் இடைவெளியாகிவிடும். கிட் சென்ட்-இமெயில் கட்டளையால் முதலில் உங்களுக்கே அனுப்பி, கிட் ஏஎம் கொண்டு பொருத்திப் பாருங்கள்.

மார்ச் 9

ரிவியூ செய்பவர் அமெரிக்காவின் பசிபிக் கரையில் இருந்தால், அங்கே காலை ஒன்பது என்றால் கோடையில் நமக்கு இரவு ஒன்பதரை. மறுமொழி வந்த இரவே இரண்டாம் பதிப்பை அனுப்பும் அவசரம் அதனால்தான். அனுப்பாதீர்கள், மற்றவர்களும் பார்க்கட்டும். நெட்வொர்க் பகுதியில் 24 மணிநேர இடைவெளி எழுதப்பட்ட விதியே. ஒவ்வொரு கருத்துக்கும் அதன் கீழேயே பதில் எழுதுங்கள், தேவையற்ற மேற்கோளை வெட்டிவிடுங்கள். ஏற்கவில்லையென்றால் காரணம் சொல்லுங்கள், மௌனம் மட்டும் வேண்டாம். பதிப்புகளுக்கிடையிலான மாற்றங்களை விளக்கத்தின் முடிவில் வரும் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுதினால் ரிவியூ செய்பவர் படிப்பார், கமிட்டில் சேராது. குறியீடு பெரிதாக மாறியிருந்தால், முன்பு கிடைத்த ரிவியூட்-பை ஒப்புதல் வரியை நீக்கி, நீக்கியதையும் அங்கேயே குறிப்பிடுங்கள்.

பதிலே வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டலாம். அடுத்த பதிப்புக்கான மாற்றங்கள் கெர்னலில் சேரும் இரண்டு வார மெர்ஜ் விண்டோ என்றால் இன்னும் பொறுக்கவேண்டும்.

மார்ச் 12

ரிவியூ செய்யப் போகிறவர்களுக்கு: இடைவெளிக் குறைகளைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் பிழை வழிகளைப் பாருங்கள். பிழை நேர்ந்தால் தாவிச்செல்லும் கோட்டூ லேபிள்கள் வளங்களைப் பெற்றதற்கு நேர்மாறான வரிசையில் விடுவிக்கின்றனவா? இடையில் ஒரு ரிட்டர்ன் லாக்கை (பூட்டை) விடாமலே வெளியேறுகிறதா? தொடர் பேட்சுகள் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கம்பைல் செய்யுங்கள். மூன்றாவதில் உடைந்து நாலாவதில் சரியாகும் தொடர், பின்னாளில் பிழை நுழைந்த கமிட்டைத் தேட கிட் பைசெக்ட் போடுபவரை நடுவழியில் நிறுத்திவிடும்.