வார்டா, வீடா, அடுப்பா? நகர ஆய்வுக் குழுக்கள் முதலில் பேசவேண்டியது

சமூகவியல் மாணவர், கட்டுமானப் பொறியாளர், பொருளியல் ஆய்வாளர், பொது சுகாதாரத் துறைக்காரர் என நாலு பேர் சேர்ந்து நகரத்தை ஆராயக் கிளம்பினால் கோட்பாட்டில்தான் முட்டிக்கொள்வார்கள் என்று நினைப்போம். அப்படி அதிகம் நடப்பதில்லை. நாலு பேரின் தரவையும் ஒரே அட்டவணையில் சேர்க்க உட்காரும் அன்றைக்குத்தான் சிக்கல் வரும். ஒருவரிடம் வார்டுவாரி எண்கள், இன்னொருவரிடம் வீடுவாரிப் பதில்கள், மற்றவரிடம் செயற்கைக்கோள் படத்தின் 30 மீட்டர் கட்டங்கள். எதுவும் எதோடும் பொருந்தாது.

அதனால் கேள்வித்தாள் எழுதுவதற்கு முன்பே ‘எதை ஒன்று என்று எண்ணப்போகிறோம்?’ என்பதை முடிவு செய்யுங்கள். தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டடம், ஒரு மீட்டர், உள்ளே மூன்று அடுப்பு, 11 பேர். மீட்டர் ஒரு நாளைக்கு 1,200 லிட்டர் காட்டுகிறது. பொறியாளர் கணக்கில் இணைப்புக்கு 1,200. தனிச் சமையலைத் தனிக் குடும்பமாக எண்ணும் சமூகவியலாளருக்கு 400. சுகாதாரத் துறைக்காரருக்குத் தலைக்கு 109. மூன்றும் சரி. ஆனால் மூன்றையும் ‘வீடு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் போட்டால், நெருக்கமாக வாழ்பவர்கள்தான் தண்ணீரை வாரி இறைக்கிறார்கள் என்று முடிவு வந்து நிற்கும். கட்டடம், இணைப்பு, குடும்பம், ஆள் என நான்குக்கும் தனித்தனி அடையாள எண் கொடுத்து, எது எதற்குள் அடங்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்ட குழு பிறகு களத்துக்கே திரும்பப் போகவேண்டியிருக்கும்.

அடுத்தது எல்லைக்கோடு. 1979இல் ஓப்பன்ஷா, டெய்லர் என்ற புவியியல் ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து 99 மாவட்டங்களை விதவிதமாகக் கூட்டிப் பார்த்தார்கள். முதியோர் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சி வாக்குக்கும் உள்ள தொடர்பெண், கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய -1 (ஒன்று கூடினால் மற்றது குறையும்) முதல் +1 (இரண்டும் சேர்ந்தே கூடும்) வரை போய் வந்தது. தரவு ஒன்றுதான், மாறியது கோடு மட்டும். ஆகவே கிடைக்கும் மிகச் சிறிய அலகில் சேகரியுங்கள். கூட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரே கணக்கை இரண்டு மூன்று அளவுகளில் ஓட்டுங்கள். தொடர்பெண்ணின் கூட்டல், கழித்தல் குறி புரண்டால் அதையும் கட்டுரையில் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். வார்டு எல்லைகள் திருத்தப்படுவதால் ஒவ்வொரு வரைபடக் கோப்பின் பெயரிலும் ஆண்டு இருக்கட்டும். பழைய வார்டு மக்கள்தொகையைப் புது வார்டுகளுக்குப் பரப்பளவின்படி பிரித்தால் ஏரியிலும் பூங்காவிலும் ஆட்களைக் குடியேற்றிவிடுவீர்கள். கட்டடப் பரப்பின்படி பிரிப்பது எவ்வளவோ மேல்.

கோப்பு விஷயத்தில் வழக்கமாகக் காலை வாரும் இடங்கள் சில. ஜிபிஎஸ் தரும் எண்கள் பாகைக் கணக்கு. அதை அப்படியே வைத்துக்கொண்டு 500 மீட்டர் வட்டம் போடச் சொன்னால் சில மென்பொருள்கள் 500 பாகை என்று எடுத்துக்கொள்ளும். அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர்! தூரம் அளக்கும் முன் யூடிஎம் போன்ற, இடத்தை மீட்டரில் குறிக்கும் வரைபட அமைப்புக்கு மாற்றுங்கள். ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வகையில் அட்டவணைப் பத்தியின் பெயர் 10 எழுத்தைத் தாண்டாது. ஆங்கிலத்தில் ‘பாப்புலேஷன்’ என்று எழுதினாலே பத்தும் தீர்ந்துவிடும். பின்னால் ஒட்டிய 2001, 2011 இரண்டும் வெட்டுப்பட, எது எந்த ஆண்டு என்று யாருக்கும் தெரியாது. ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வகைக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை.

வெப்பம் பற்றிய ஆய்வில்தான் துறைகள் ஒன்றை ஒன்று அதிகம் தவறாகப் படிக்கின்றன. லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் தருவது கூரை, சாலை, மரத்தலை ஆகியவற்றின் மேற்பரப்பு வெப்பம். அதுவும் காலை பத்து மணிவாக்கில், 16 நாளுக்கு ஒருமுறை, மேகம் இல்லாவிட்டால். வெப்பத்தை அளக்கும் அதன் பட்டை உண்மையில் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய கட்டம் 100 மீட்டர். 30 மீட்டர் கட்டங்களாகக் கிடைக்கிறதே என்று தெருவுக்குத் தெரு ஒப்பிடக் கூடாது. மருத்துவர் கேட்பதோ இரவில் அறைக்குள் எவ்வளவு சூடு என்று. நகரத்துக்கும் புறநகருக்கும் காற்று வெப்பத்தில் உள்ள இடைவெளி பொதுவாக இரவில்தான் பெரிது. இதற்கு உள்ளேயும் வெளியேயும் சென்சார் வைப்பதே வழி. வெளியே வைப்பதை வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டமான உறைக்குள், தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் வையுங்கள். வெயில் பட்டால் அது அளப்பது காற்றை அல்ல, தன் சூட்டை. பிரித்து வைப்பதற்கு முன் எல்லாச் சென்சார்களையும் சில நாள் ஒரே இடத்தில் ஓடவிட்டு ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த விலகலைவிடச் சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பாக எழுதவேண்டாம்.

கடைசியாக, பதில் சொல்பவர்களிடம் வாங்கும் ஒப்புதல் படிவம். வேறு துறையினரோடு தரவைப் பகிர்வோம் என்று அதில் முன்கூட்டியே எழுதாவிட்டால், குழுவுக்குள்கூடப் பகிர முடியாமல் போகலாம். பெயரை நீக்கினால் போதாது. வரைபடத்தில் ஒரு புள்ளியே ஒரு வீட்டைக் காட்டிக்கொடுக்கும். வெளியிடும்போது புள்ளிகளைச் சற்று நகர்த்துவது வழக்கம். ஆனால் வீட்டிலிருந்து வடிகாலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் உள்ள தூரத்தை, நகர்த்துவதற்கு முன்பே கணக்கிட்டுத் தனிப் பத்தியில் போட்டுவிடுங்கள். அந்தத் தூரத்தையும் துல்லியமாக வெளியிடாமல் ‘100 மீட்டருக்குள்’, ‘100 முதல் 300 மீட்டர்’ என்று வகைப்படுத்துங்கள். இல்லையென்றால் இரண்டு மூன்று தூரங்களை வைத்தே வீட்டைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம்.