பீரோவுக்குப் பின்னாடி இருக்கற பூச்சப்பன்

எங்க பாப்பாவுக்கு நாலரை வயசு. ஆறு மாசமா எங்க வீட்ல பூச்சப்பன்னு ஒருத்தன் இருக்கான். பீரோவுக்குப் பின்னாடி இருக்கற சந்துலதான் குடித்தனம், தோசைல மொறுமொறு ஓரம் மட்டும்தான் சாப்பிடுவான், மிக்ஸி சத்தம்னா ரொம்ப பயம். அவன் பாப்பா கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். அத்தைக்கு மொத நாள்லேர்ந்தே மனசு சரியில்ல, "ஏஞ்சாமி, செவுத்தப் பாத்து யாருகிட்ட பேசற"ன்னு கேட்டுட்டு வெள்ளிக்கிழமை தவறாம உப்பு மிளகா சுத்திப் போட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்கள என்ன சொல்றது, நானே ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு போன்ல தேடிட்டுதான் இருந்தேன்.

தேடுனதுல ஒரு நல்லது நடந்துச்சு. அமெரிக்காவுல ஒரிகான் யுனிவர்சிட்டில மார்ஜரி டெய்லர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இதையே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, அவங்க டீம் 2004ல வெளியிட்ட ஆய்வுல 7 வயசுக்குள்ள சுமார் 65 சதவீத பிள்ளைங்களுக்கு எப்பவாச்சும் இப்படி ஒரு கூட்டாளி இருந்திருக்குன்னு வருது (பொம்மைக்கு உசுரு இருக்கற மாதிரி வச்சு விளையாடறதும் அந்தக் கணக்குல சேத்தி). அதப் படிச்சப்புறம்தான் எனக்கு தூக்கமே வந்துச்சு.

அப்புறம்தான் படக்கதை புக்கு பக்கம் போனேன். லண்டன்ல இருக்கற ஃப்ரெண்டு ரெண்டு மூணு பழைய புக்கு வாங்கி அனுப்புனா. அதுல டான் சன்டாட்டோட 'பீக்கிள்' கதைதான் பாப்பாவுக்கு உசுரு, 2015ல கால்டெகாட் மெடல் (அமெரிக்காவுல நல்ல படக்கதை புக்குக்கு குடுக்கற பரிசு) வாங்குனது. ஏதாச்சும் ஒரு குழந்தை தன்னை நெனச்சுப் பாக்காதான்னு ஒரு தீவுல காத்துக் கெடந்து கெடந்து பொறுக்க முடியாம தானே படகு ஏறி ஊருக்குள்ள வந்துருது அந்தக் குட்டி. பாப்பா ஒரு நாளைக்கு நாலு தடவை படிக்கச் சொல்லுவா.

ஆனா என்னைய உக்கார வச்சது ஜான் பர்னிங்ஹாம்தான், இங்கிலாந்துல படக்கதை எழுதி வரைஞ்சவர். 1977ல வந்த அவரோட ஷர்லி கதைல இடது பக்கம் பூரா வெளிறிப்போன கலர்ல அப்பாவும் அம்மாவும் பீச்ல சேர் போட்டு உக்காந்திருப்பாங்க, அம்மா வாய் மட்டும் ஓயாது, நாயைத் தொடாத, செருப்புல தார் ஒட்டிக்காம பாத்துக்கோ, அப்படியே போகும், வலது பக்கம் அதே ஷர்லி கடல் கொள்ளைக்காரங்களோட சண்டை போட்டுட்டு இருப்பா. ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒண்ண ஒண்ணு தொடாது. நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்னு எனக்கு நல்லா தெரிஞ்சுது.

1991ல அவர் போட்ட 'ஆல்டோ' இன்னும் அமைதியான புக்கு. தனியாவே இருக்கற ஒரு பொண்ணு, அவளுக்கு மட்டும் தெரியற பெரிய முயல். பிள்ளைங்க அவகிட்ட வம்பு பண்றப்ப வரும், கெட்ட கனவு கண்டு முழிச்சா வந்து கதை படிக்கும். அதுல அப்பாவும் அம்மாவும் சண்டை போடற ஒரு இடம் வருது. அந்தப் பக்கம் வந்தப்ப எனக்கு குரல் அடைச்சுப் போச்சு.

ஏன்னா ரெண்டு வாரம் முன்னாடிதான் லோன் விஷயமா எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ராத்திரி பெரிய வாக்குவாதம். பாப்பா தூங்கிட்டான்னு நெனச்சு நாங்க பாட்டுக்கு கத்திட்டு இருக்கோம், திரும்பிப் பாத்தா பீரோ சந்துகிட்ட குத்த வச்சு உக்காந்து உள்ள கைய விட்டு யாரையோ தட்டிக் குடுக்கறா. "பயப்படாத பூச்சப்பா, மிக்ஸி இப்ப நின்னுரும்." அப்ப மிக்ஸி ஓடவே இல்ல. அவரும் அதக் கேட்டாரு. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசல.

இந்த புக்குங்கள்ல பெரியவங்கள கெட்டவங்களா காட்டறதில்ல, அதுதான் எனக்குப் புடிச்சிருக்கு. அவங்க பாட்டுக்கு அவங்க கவலைல இருக்காங்க, குழந்தை அந்த இடைவெளிய தானா ஒரு ஆளப் போட்டு நிரப்பிக்குது. சுவீடன்ல குனில்லா பெரிஸ்ட்ரோம் எழுதுன அல்ஃபோன்ஸ் கதைகள்லயும் அப்பாவும் பையனும் மட்டும் இருக்கற வீடு, அங்க மோல்கன்னு ஒரு ரகசிய ஃப்ரெண்டு, அது 1976.

ஒரே ஒரு கொறை. இந்தக் கதைங்கள்ல தனியா இருக்கறதுக்கு பிள்ளைக்கு இடம் இருக்கு. எங்க வீட்ல அஞ்சு பேரும் ஒரே ஹால்ல வரிசையா பாய் விரிச்சு படுக்கறோம், ரகசியம் வச்சுக்கவே எடமில்ல, அதான் பூச்சப்பன் பீரோ சந்துக்குப் போயிருக்கான். இந்த வீட்டை வச்சு தமிழ்ல ஒரு படக்கதை வேணும், பரண், அண்டா, கொடில தொங்கற அத்தையோட சேலை, அதுக்கு நடுவுல ஒருத்தன். எனக்கு அவ்ளோ ஆசையா இருக்கு.

போன ஞாயித்துக்கிழமை பழைய டைரில நானே வரைஞ்சு பாத்தேன். வரிசையா அஞ்சு பேரு தூங்கறோம், ஆறாவதா அவன். பாப்பா ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு அழிரப்பர் எடுத்துட்டு வந்தா. "இவ்ளோ உயரம் இல்லம்மா, சிலிண்டர் அளவுதான் இருப்பான். அப்புறம் அவன் அந்த ஓரத்துல படுக்கமாட்டான், உனக்கும் அப்பாவுக்கும் நடுவுல போடு."