பூச்சு வேலைக்கு முன்பே முடிவாக வேண்டிய லைட் வயரிங்

சுங்கை சிப்புட் பக்கம் புதுத் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) வீடு கட்டுகிறவர்கள் 'ஸ்மார்ட் லைட்' என்றால் வைஃபை பல்பைத்தான் நினைக்கிறார்கள். கேஎன்எக்ஸ் (KNX) என்ற, கேபிள் வழியே விளக்கைக் கட்டுப்படுத்தும் முறை வேறு வகை. சாதாரண வயரிங்கில் லைவ் வயர் சுவிட்சுக்குப் போய்த்தான் விளக்குக்கு வரும். இங்கே சுவிட்ச் செய்தி மட்டும் அனுப்பும். விளக்கை ஏற்றுவது டிபி பெட்டியில் (மின் விநியோகப் பெட்டியில்) இருக்கும் ஆக்சுவேட்டர், அதாவது அந்தச் செய்தியைக் கேட்டு மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவி. ஆகவே தனியாக எரிய வேண்டிய ஒவ்வொரு விளக்கு வரிசைக்கும் டிபியிலிருந்து தனி வயர் வேண்டும். ஒரு வரிசைக்கு ஒரு சேனல், ஆகவே 24 வரிசை என்றால் 8 சேனல் ஆக்சுவேட்டர் மூன்று. வழக்கமான டிபி பெட்டி போதாது, பெரியதாக வாங்குங்கள்.

சுவிட்சுகளுக்குப் போவது 'பஸ்' எனப்படும் பச்சை கேபிள், உள்ளே 0.8 மிமீ கம்பி இரண்டு ஜோடி. சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ், சுமார் 30 வோல்ட் டிசி. மஞ்சளும் வெள்ளையும் உபரி. மரக்கிளை போல எங்கும் பிரிக்கலாம், ஆனால் சுற்றி வந்து வளையமாக மூடக்கூடாது. பவர் சப்ளையிலிருந்து கடைசிக் கருவி வரை 350 மீட்டர் வரம்பு. வீட்டுக்கு அது தாராளம். நம்மூரில் மெயின் வயரை ஒற்றை வயர்களாகப் பிவிசி குழாயில் இழுப்பதால், பச்சை கேபிளுக்குத் தனிக் குழாய் கட்டாயம். இடி மின்னலுக்குப் பஞ்சமில்லாத ஊர், வாசல் கேட்டுக்கோ தோட்டத்துக்கோ போகும் கிளையில் பஸ் சர்ஜ் அரெஸ்டர் (மின்னல் அதிர்ச்சித் தடுப்பான்) போடாமல் விடாதீர்கள்.

அடிக்கடி கெடுவது ரிலே, அதாவது ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் சுவிட்ச். எல்இடி டிரைவர் (எல்இடி விளக்குக்கு மின்சாரம் தரும் கருவி) பத்து ஒரே நொடியில் ஏறும்போது, கண்ணிமைக்கும் நேரத்துக்குப் பெரும் கரண்ட் பாயும். ரிலே முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் விளக்கு அணையவே அணையாது. வாட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு '16 ஆம்பியர் ரிலே தாங்கும்' என்பது தவறான கணக்கு. இப்படி ஏறும்போது கரண்ட் பாயும் கப்பாசிட்டிவ் லோடுக்கான, 200 மைக்ரோஃபாரட் என்று குறித்த ஆக்சுவேட்டரைக் கேளுங்கள்.

சீலிங் ஃபேனை லைட் டிம்மரில் கட்டவே கட்டாதீர்கள், சுவரிலுள்ள ரெகுலேட்டரே இருக்கட்டும். 'எல்லாம் அணை' பட்டனில் சாமி அறை விளக்கைச் சேர்க்க வேண்டாம். கரண்ட் போய்த் திரும்பினால் எது எரிய வேண்டும் என்பதையும் புரோகிராம் செய்பவரிடம் சேனல் சேனலாகச் சொல்லி வையுங்கள்.

230 வோல்ட் வேலை, சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற வயர்மேன் செய்யட்டும். புரோகிராம் செய்தவரிடம் இடிஎஸ் (ETS, கேஎன்எக்ஸ் புரோகிராம் செய்யும் மென்பொருள்) புராஜெக்ட் ஃபைலையும் பாஸ்வேர்டையும், கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன் வாங்கிவிடுங்கள். ஃபைல் இல்லையென்றால் பின்னால் ஒரு பட்டனை மாற்றவும் முதலிலிருந்து புரோகிராம் செய்ய நேரிடலாம்.