மஞ்சள் கல்லை நம்பிப் போனேன்: ஒரு பள்ளத்தை மூட வைத்த கதை

பள்ளம் மூடி ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் அந்த இடம் வந்தால் கை தன்னால் வண்டியை வலப்பக்கம் ஒடிக்கிறது. எட்டு மாதப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் போகாது.

எங்கள் தெரு பழைய நெடுஞ்சாலையில் போய்ச் சேரும் முனையில்தான் பள்ளம். குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டினார்கள், மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்கள், முதல் மழையிலேயே உள்வாங்கியது. ஆடியில் தட்டு அளவு இருந்தது, ஐப்பசியில் ஒரு கன்றுக்குட்டி படுக்கலாம். யாரோ வேப்பங்கிளையை ஒடித்து நட்டார்கள். அது காய்ந்ததும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஒருநாள் விடியற்காலையில் பால்காரர் கேனோடு விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். அன்றுதான் மனு எழுத உட்கார்ந்தேன்.

முதல் தவறு என்னுடையது. சாலையோரக் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்படியே நம்பினேன். எங்கள் கல் மஞ்சள். அரைநாள் விடுப்பு போட்டு, இரண்டு பேருந்து மாறி, 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோட்ட அலுவலகத்துக்குப் போனேன்.

எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே சாலையின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"பைபாஸ் வந்தப்பவே அந்தப் பழைய ரோட்டை ஒப்படைச்சாச்சு சார். கல்லுக்குப் பெயின்ட் மாத்த ஆள் வரல, அவ்வளவுதான்."

"யார்கிட்ட ஒப்படைச்சீங்க?"

"அது ஃபைல்ல இருக்கும்."

"ஃபைல்?"

"அந்த செக்‌ஷன்காரர் லீவு."

புறவழிச்சாலை திறந்ததும் ஊருக்குள் போகும் பழைய பாதையைத் தேசிய நெடுஞ்சாலைக்காரர்கள் கைகழுவிவிடுவார்கள். அதன்பின் அது மாநில நெடுஞ்சாலைத் துறைக்குப் போகலாம், மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ போகலாம். உங்கள் ஊருக்கு பைபாஸ் இருந்தால் கல்லின் நிறத்தை நம்பிப் பேருந்து ஏறாதீர்கள்.

அடுத்து, மாநில நெடுஞ்சாலைத் துறை 2023இல் கொண்டுவந்த 'நம்ம சாலை' செயலி. படம் எடுத்து ஏற்றினேன், 'எங்கள் துறைச் சாலை அல்ல' என்று பதில் வந்தது. எனக்குக் கோபமே வரவில்லை. இந்த எட்டு மாதத்தில் நேரடியாகக் கிடைத்த ஒரே பதில் அதுதான்.

மிச்சம் மாநகராட்சி. வார்டு உதவிப் பொறியாளரை மூன்று முறை தேடிப் போய், மூன்று முறையும் 'சைட்டுக்குப் போயிருக்கார்'. பகல் 11 மணிக்கு மேல் போனால் அப்படித்தான். காலை எட்டரைக்கு, வேலையாட்களைப் பிரித்து அனுப்பும் நேரத்தில் பிடிக்க வேண்டும். பிடித்தேன். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "ரோடு எங்களுக்கு வந்தது உண்மைதான் சார். ஆனா உங்க முனையில இருக்கிற கடைசி 200 மீட்டர் எங்க லிஸ்ட்ல இல்லையே. அதோட, தோண்டினது குடிநீர்க்காரங்க. அவங்களைக் கேளுங்க."

கேட்டேன். அங்கே ஒரு அம்மா சொன்ன ஒரு வரிதான் பின்னால் கைகொடுத்தது, அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. "ரோடு கட்டிங்குக்குப் பணம் கட்டிட்டுத்தான் தோண்டுறோம். மூடித் தார் போடுறது ரோட்டுக்காரங்க வேலை."

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அது சுற்றிச் சுற்றி அதே உதவிப் பொறியாளரின் மேசைக்கே வந்தது. மூன்றாவது வாரம் கைபேசிக்குச் செய்தி: 'தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது.' படித்தபோது பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். உள்ளே தண்ணீர், தண்ணீரில் நாற்காலியின் ஒரு கால்.

சரி, தகவல் உரிமைச் சட்டம்தான் என்று இறங்கினேன். வெள்ளைத்தாள், 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரி. முதல் மனு வீண். 'இந்தப் பள்ளத்தை ஏன் இன்னும் மூடவில்லை?' என்று கேட்டிருந்தேன். சட்டம் கொடுத்த 30 நாளில் 29ஆம் நாள் பதில் வந்தது: விளக்கம் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலளிக்க இயலாது. எரிச்சலாக இருந்தாலும் அவர்கள் சொன்னது சரிதான். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்டு வாங்க முடியும், 'ஏன்' என்பதற்கெல்லாம் அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதம் போனது போனதுதான்.

அப்போதுதான் அந்த அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. பணம் கட்டினார்கள் என்றால் யாரோ வாங்கியிருக்க வேண்டும். வாங்கியவர்தானே சாலைக்குச் சொந்தக்காரர்? இரண்டாவது மனுவைச் சாலைக்காரர்களை விட்டுவிட்டு, தோண்டியவர்களுக்கு அனுப்பினேன். இரண்டே கோரிக்கை: இந்த இடத்தில் சாலையை வெட்டக் கொடுக்கப்பட்ட அனுமதிக் கடிதத்தின் நகல், அதற்குக் கட்டிய சீரமைப்புக் கட்டணத்தின் ரசீது நகல். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை.

18 நாளில் கடிதம். பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 4 ரூபாய் கட்டி நகலைப் பெற்றுக்கொள்ளவும். அந்த 4 ரூபாய் கட்ட பஸ்ஸுக்கு 30 ரூபாய் ஆனது. பரவாயில்லை. ரசீதில் மாநகராட்சியின் முத்திரை. இடம் என்ற கட்டத்தில், கோணல் கையெழுத்தில், எங்கள் தெருவின் பெயரும் 'முனை' என்ற சொல்லும்.

மறுநாள் காலை எட்டரை. உதவிப் பொறியாளர் அதை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "இது எங்க சார் கிடைச்சுது?" என்றார். அந்த 200 மீட்டரைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை.

ஆறாவது நாள் ஆட்கள் வந்தார்கள். (மழை விட்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் தார் போடச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். ஈரத்தில் தார் ஒட்டாது, போட்டாலும் ஒரு வாரம்தான். அந்த மாதங்களில் ஜல்லியாவது கொட்டச் சொல்லுங்கள்.) வந்ததும் பள்ளத்தை மூடாமல், சுற்றியிருந்த நல்ல தாரையும் உளியால் சதுரமாக வெட்டி எடுத்தார்கள். ஒரு அக்கா துடைப்பத்தால் தூசி போகக் கூட்டினார். அடியில் ஓட்டை போட்ட தகர டின்னை ஆட்டி ஆட்டித் தார் தெளித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, நல்லா இருக்கிற ரோட்டை ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஓரத்தை நேரா வெட்டலன்னா பேட்ச் பிச்சுக்கும் சார்," என்றார் உளி பிடித்தவர். "அப்புறம் மறுபடி உங்க மனு வரும்."

அங்கேயும் என் பேர் போயிருக்கிறது.

ஒரே ஒரு குறை. மேலே சுத்தமாகச் செய்தார்கள், அடியில் இருந்த பொலபொல மண்ணை முழுதாகத் தோண்டி எடுக்கவில்லை. நேற்றுப் பார்த்தேன், கிழக்கு ஓரம் ஒரு விரல்கடை அமுங்கியிருக்கிறது. தேதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதே சட்டத்தில் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றோடு வாங்கவும் இடமிருக்கிறது. அடுத்த ஆடிக்குள் தேவைப்படலாம். ரசீது நகலை லேமினேஷன் போட்டாகிவிட்டது.