செய்முறைத் தேர்வில் ஸ்பீக்கர் கேள்வி வந்தால்

டிப்ளமோ இ.சி.இ. மைக்ரோகண்ட்ரோலர் லேபில் ஸ்டெப்பர் மோட்டார், எல்.சி.டி., ஏ.டி.சி. என்று பெரிய பயிற்சிகளுக்கே எல்லாரும் பயப்படுவார்கள். ஸ்பீக்கரை யாரும் கண்டுகொள்வதில்லை. சிப்பின் காலான பின்னை (pin) ஆன் ஆஃப் செய்தால் சத்தம் வந்துவிடும், அதில் படிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. எனக்குச் சீட்டில் வந்தது அதுதான்: 8051 மைக்ரோகண்ட்ரோலரில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை உருவாக்கி, 8 ஓம் ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்யவும். புரோகிராம் ஒரு பக்கம்கூட வராது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அதாவது எக்ஸ்டர்னலும் அதை மேலோட்டமாகத்தான் பார்த்தார். வைவா என்னும் வாய்மொழித் தேர்வு முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது: இந்தப் பின் இந்த ஸ்பீக்கரைத் தாங்குமா?

அதனால் நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். 5 வோல்ட்டை 8 ஓமால் வகுத்தால் 625 மில்லியாம்பியர். லேபில் பெரும்பாலும் இருக்கும் 8051 வகைச் சிப்பான ஏடி89எஸ்52-ன் டேட்டாஷீட்டில், ஒரு பின் உள்ளே இழுக்கக்கூடிய அதிகபட்ச மின்னோட்டம் 10 மில்லியாம்பியர் என்று போட்டிருக்கிறது. போர்ட் 1, 2, 3 ஒவ்வொன்றிலும் எட்டுப் பின்னும் சேர்ந்து 15, போர்ட் 0-ல் 26, சிப் முழுக்கச் சேர்த்து 71. இந்த நான்கு எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

அடுத்த கொக்கி இதைவிட முக்கியம். 10 மில்லியாம்பியர் என்பது பின் 0-வில், அதாவது கிரவுண்ட் பக்கம் இருக்கும்போது உள்ளே இழுப்பது. பின் 1-ல், அதாவது 5 வோல்ட் பக்கம் இருக்கும்போது வெளியே எவ்வளவு தரும்? பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்க உள்ளே இருக்கும் புல்-அப் மிகவும் பலவீனமானது. 2.4 வோல்ட் நிலையில் 60 மைக்ரோஆம்பியருக்குத்தான் டேட்டாஷீட் உத்தரவாதம் தருகிறது. போர்ட் 0-வில் அந்தப் புல்-அப்பும் கிடையாது. வெளியே ரெசிஸ்டர் போட்டால்தான் அங்கே 1 என்பதே வரும். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பஸரை மாட்டிவிட்டு, புரோகிராமில் தப்புத் தேடிக்கொண்டே நேரம் போக்குவது லேபில் வாரா வாரம் நடக்கும் கூத்து. புரோகிராம் சரியாகத்தான் இருக்கும். பின்னுக்குத் தள்ளும் பலம் இல்லை, இழுக்கும் பலம்தான் உண்டு.

சரி, அப்படியென்றால் சர்க்யூட் எப்படி? நான் வரைந்தது பி.என்.பி. டிரான்சிஸ்டர் (பேஸைக் கீழே இழுத்தால் ஆன் ஆகும் வகை), பிசி557. எமிட்டர் 5 வோல்ட்டுக்கு, பேஸ் 1 கிலோஓம் வழியாகப் பின்னுக்கு. கலெக்டரிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர், அதன்பின் ஸ்பீக்கர், அப்புறம் கிரவுண்ட். பின் 0 ஆனால் பேஸ் வழியாக ஏறக்குறைய 4 மில்லியாம்பியர் உள்ளே வரும். 10-க்குள் இருப்பதால் பின்னுக்கு ஆபத்தில்லை. ஸ்பீக்கரில் 4.8-ஐ 108-ஆல் வகுத்தால் 44 மில்லியாம்பியர். பிசி557-ன் எல்லை 100, அதற்கும் பாதிக்குக் கீழே. இந்த 100 ஓமை 33 ஓம் ஆக்கினால் சத்தம் கூடும், ஆனால் மின்னோட்டம் 117-ஐத் தொட்டு டிரான்சிஸ்டர் எல்லை தாண்டிவிடும். இந்த ஒப்பீட்டை அவர் கேட்பதற்கு முன்பே படத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பாதிக் கேள்வி அதோடு நின்றுவிடும்.

பேஸை மேலே தள்ளினால் ஆன் ஆகும் என்.பி.என். வகையை ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். பதில் ரீசெட்டில் இருக்கிறது. 8051 ரீசெட் ஆனதும் எல்லாப் பின்னும் 1-க்குப் போகும். பி.என்.பி. சர்க்யூட்டில் 1 என்றால் ஆஃப், ஸ்பீக்கர் சும்மா இருக்கும். என்.பி.என். போட்டால் பவர் கொடுத்த கணத்திலிருந்து அது ஆன் ஆகப் பார்க்கும். அதோடு பேஸுக்கு வேண்டிய மின்னோட்டத்தைப் பின் தள்ளித் தரவேண்டும், அந்தப் பலம்தான் அதற்கு இல்லை என்று மேலே பார்த்தோம். வெளியே ஒரு புல்-அப் ரெசிஸ்டர் போட்டால் என்.பி.என்.-ஐயும் ஓட்டலாம். ஆனால் தேர்வு நேரத்தில் எதற்கு ஒரு ரெசிஸ்டர் கூடுதலாக?

அடுத்து வரும் பொறி 9 வோல்ட். "சத்தம் போதவில்லை, எமிட்டரை 9 வோல்ட்டில் மாட்டலாமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார்கள். மாட்டலாம் என்று சொன்னால் போச்சு. பின் 1-க்குப் போனாலும் அது 5 வோல்ட்தான். எமிட்டர் 9-ல் இருப்பதால் டிரான்சிஸ்டர் அணையவே அணையாது, பின்னுக்குள்ளும் வேண்டாத மின்னோட்டம் ஏறும். 9 வோல்ட் வேண்டுமென்றால் ஸ்பீக்கரை மேலே வைத்து, கீழே என்.பி.என். போடவேண்டும். அங்கேதான் அந்தக் கூடுதல் ரெசிஸ்டர் அவசியமாகிறது.

ஸ்பீக்கருக்குக் குறுக்கே ஒரு டயோடு, 1என்4148 அல்லது 1என்4007, மறக்காமல் வரையுங்கள். உள்ளே இருப்பது சுருள். மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் எதிர்த் திசையில் மின்னழுத்தம் எகிறும், டிரான்சிஸ்டர்தான் அடி வாங்கும். டயோடின் கோடு போட்ட முனை கலெக்டர் பக்கம் வரவேண்டும்.

மேசையில் கொடுத்த பொருள் ஸ்பீக்கரா, பஸரா என்று மல்டிமீட்டரில் முதலில் பார்த்துவிடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறக்குறைய 7 காட்டும். குறைகிறதே என்று பதற வேண்டாம். மீட்டர் அளப்பது சுருளின் டி.சி. தடை, மேலே அச்சிட்டிருப்பது இம்பீடன்ஸ், அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை. பீசோ வட்டு என்றால் மீட்டரில் ஓப்பன் என்று காட்டும். அது கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும், மின்னோட்டம் மிகக் குறைவு. உள்ளேயே ஆசிலேட்டர் உள்ள ஆக்டிவ் பஸருக்கு வெறும் டி.சி. கொடுத்தாலே பீப் என்று கத்தும். அதில் நீங்கள் விரும்பிய அதிர்வெண் வராது, 1 கிலோஹெர்ட்ஸ் கேள்விக்கு அது உதவாது.

புரோகிராமுக்கு வருவோம். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்றால் ஒரு மெஷின் சைக்கிள் 1 மைக்ரோவினாடி. 1 கிலோஹெர்ட்ஸ் அலையின் முழுச் சுற்று 1000 மைக்ரோவினாடி, பின்னை மாற்ற வேண்டியது அதில் பாதி, 500-க்கு ஒருமுறை. டைமர் 0, மோட் 1. அந்த 16 பிட் டைமர் 65536 வரை எண்ணி நிரம்பும், அதனால் 65536-லிருந்து 500 போனால் 65036. அதை ஹெக்ஸில் இரண்டாகப் பிரித்து, மேல் பாதியான டிஎச்0-வில் எஃப்இ, கீழ்ப் பாதியான டிஎல்0-வில் 0சி. பாதியை விட்டு முழுச் சுற்றையே ஏற்றினால் ஒலி 500 ஹெர்ட்ஸில் வரும். ஆசிலோஸ்கோப் கிடைக்காவிட்டாலும் சங்கீதக் காது உள்ளவருக்கு இது உடனே பிடிபடும்: அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி கீழே. போர்டில் 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்தால் சைக்கிள் 1.085 மைக்ரோவினாடி. அப்போது 500-க்குப் பதில் 461 ஏற்றவேண்டும். கிரிஸ்டல் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் கணக்கைத் தொடாதீர்கள்.

ப்ராஜெக்டில் அர்டுயினோ ஊனோ வைத்திருப்பவர்களிடம் கேள்வி கொஞ்சம் மாறும். அதிலுள்ள ஏடிமெகா328பி பின் இரண்டு பக்கமும் பலமானது. உச்ச எல்லை 40 மில்லியாம்பியர், நிம்மதியாக ஓட்ட 20. அதனால் 220 ஓமைத் தொடரில் போட்டு ஸ்பீக்கரை நேராகவே மாட்டலாம், 5-ஐ 228-ஆல் வகுத்தால் 22 வரும். பின்னின் சொந்தத் தடையும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் குறையும். சத்தம் சன்னமாகத்தான் இருக்கும், மேசையில் காட்ட அது போதும். ஒலி எழுப்பும் டோன் கட்டளை டைமர் 2-ஐ எடுத்துக்கொள்வதால், அது ஓடும்போது 3, 11 பின்களின் பி.டபிள்யூ.எம். (வேகம், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பல்ஸ்) பாதிக்கப்படும். அந்தப் பின்களில் மோட்டார் வேகம் வைத்திருந்தால் வேறு பின்னுக்கு மாற்றுங்கள்.

ஸ்பீக்கருக்குத் தொடரில் கெப்பாசிட்டர் போட்டால் ரெசிஸ்டர் வேண்டாம்தானே என்றும் கேட்பதுண்டு. வேண்டும். கெப்பாசிட்டர் தடுப்பது டி.சி.யை மட்டும். பின் ஒவ்வொரு முறை மாறும் கணத்திலும் ஸ்பீக்கரின் 8 ஓம்தான் அதன் எதிரே நிற்கும்.

கடைசியாக, சத்தத்துக்கு ஒரு வழி. வெறும் ஸ்பீக்கரை மேசையில் மல்லாத்தி வைத்தால் முன்பக்கத்து அலையும் பின்பக்கத்து அலையும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்பீக்கர் அளவுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுபோய், ஸ்பீக்கரை அந்த ஓட்டையில் அழுத்திப் பிடித்துக் காட்டுங்கள். ரெசிஸ்டரைக் குறைக்காமலே சத்தம் கூடும். அது எப்படி என்று எக்ஸ்டர்னல் கேட்டால், பதில் உங்களிடம் தயாராக இருக்கும்.