ரிப்போர்ட் வரும்வரை

பிப்ரவரி 3, பினாங்கு
வரவில்லை. அப்பா கோப்பி கேட்டார். மிஸி (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) கூடாது என்றுவிட்டார்.

பிப்ரவரி 4
இரவு இருவருக்கும் தூக்கமில்லை. ஆளுக்கொரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ‘அந்த நாள்’ பார்த்தோம். 1954 படம். எடுத்த எடுப்பில் துப்பாக்கிச் சத்தம், சிவாஜி செத்து விழுகிறார். அப்புறம் ஆளாளுக்கு ஒரு கதை சொல்ல, ஒவ்வொரு கதையிலும் வேறொரு சிவாஜி வருகிறார். இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர், ஆனால் படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. என்ன துணிச்சல்! கதை 1943-இல் நடக்கிறது, ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயம். பினாங்கில் அப்போது அவன் ஆட்சியே நடந்தது. “அங்க ஒரு குண்டுக்கே ஊர் காலியாச்சாம்” என்று அப்பா சிரித்தார். சுட்டது மனைவிதான். (எழுபது வருஷப் படம், சொன்னால் கோபிக்காதீர்கள்.) அது தெரிந்தபின் சிவாஜியை விட்டுவிட்டுப் பண்டரிபாயை மட்டும் பார்க்க வேண்டும். அந்த அடக்கமான முகத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

பிப்ரவரி 5
போன் அடித்தது. பதறி எடுத்தேன். இன்சூரன்ஸ்காரர்.

பிப்ரவரி 7
“இன்னும் ஒரு டெஸ்ட் பார்க்கணும்” என்றார் டாக்டர். சொல்லும்போது பைலைப் பார்த்தார், அப்பாவைப் பார்க்கவில்லை. பைலைப் பார்த்ததில் ஏதாவது இருக்கிறதா? அவசரமாக இருந்திருக்கலாம். வாசலில் நின்று மிஸியிடம் ஏதோ சொன்னாரே, அது என்ன?
மாலை ‘புதிய பறவை’. சௌகார் ஜானகி பாடும்போது அப்பா வலியை மறந்துவிட்டார். சரோஜாதேவி “கோப்பால்” என்றதும் பக்கத்துக் கட்டில் பெரியவரும் சேர்ந்து “கோப்பால்” என்றார். வார்டே சிரித்தது. கடைசியில் போலீஸ் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. “அவன் வாயாலேயே வரவழைச்சாங்க பாரு” என்றார் அப்பா.
இந்த டாக்டர் வாயிலிருந்து வரவழைக்க யாரைப் பிடிப்பது?

பிப்ரவரி 8
லெபோ பசாரில் தோசை வாங்கிப் போனேன். தொடவில்லை.

பிப்ரவரி 9
‘அதே கண்கள்’. ரவிச்சந்திரன் மலேசியாவில் பிறந்தவர், அதனால் அப்பாவுக்கு அவர் என்றும் “நம்ம பையன்”. பாதியில் மிஸி விளக்கை அணைத்துவிட்டார். கொலைகாரன் யாரென்று எனக்கு மறந்துபோயிற்று. அப்பாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறார்.

பிப்ரவரி 10
எட்டு மணிக்கு எல்லோரும் வரச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் என்றால்? அண்ணன் கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறிவிட்டான். சுங்கை நிபோங் போய் அவனை ஏற்றிவர வேண்டும்.