கிழிந்த சீட், வளைந்த கம்பி: மேசை மேல் இரண்டு மவுண்டன் பைக் சீட்டுகள்

செப்டம்பர் 20, 2025, சனி

பெசன்ட் நகர்ப் பக்கம் ஓடும் இரண்டு மவுண்டன் பைக்குகளின் சீட்டுகள் வேலைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் பின்பக்க மூலை ரெக்சின் கிழிந்து ஸ்பாஞ்ச் வெளியே தெரிகிறது. மற்றது மேலே பார்க்கப் புதுசு போல இருக்கிறது. ஆனால் உட்கார்ந்தால் இடது பக்கம் சாய்கிறது, மிதிக்கும்போது கிரீச்சென்று சத்தமும் வருகிறது. பார்வைக்கு மோசமானது முதல் சீட்தான். ஆபத்தானது இரண்டாவது.

கழற்றும் முன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து (பாட்டம் பிராக்கெட்) சீட் குழாயை ஒட்டியே மேலே சீட்டின் உச்சி வரை உயரம். சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடு வரை தூரம். மூன்றாவது சாய்வு: சீட் மேல் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை வைத்து, அதன் மேல் போனை வைத்து, மட்டம் பார்க்கும் ஆப்பில் எத்தனை டிகிரி என்று பார்த்தால் போதும். பில்லர், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய், ஃப்ரேமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி வைக்கவும். இதெல்லாம் இரண்டு நிமிட வேலை. செய்யாமல் விட்டால், புது சீட் போட்ட பிறகு வரும் முழங்கால் வலிக்கு சீட்டையே குறை சொல்லிக்கொண்டிருப்போம். உண்மையில் உயரம் ஒரு சென்டிமீட்டர் மாறியிருக்கும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இரண்டையும் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தாயிற்று. சீட்டின் உயிர் அடியில்தான் இருக்கிறது: நைலான் அடித்தட்டு, அதில் செருகிய இரண்டு ரெயில் கம்பிகள். கம்பி பெரும்பாலும் 7 மி.மீ. உருண்டை, இரண்டுக்கும் நடு இடைவெளி சுமார் 44 மி.மீ. கார்பன் கம்பி என்றால் 7-க்கு 9 முட்டை வடிவம். அதற்கு வேறு கிளாம்ப் (கம்பிகளைப் பில்லரோடு பிடிக்கும் பிடி) வேண்டும், உருண்டைக் கம்பிக்கான கிளாம்பில் இறுக்கினால் நசுங்கி விரியும்.

சோதிக்கும் முறை எளிது. சீட்டைச் சமையல் மேடை கிரானைட் மேல் கவிழ்த்து வைத்து, கம்பிகளின் நேரான பகுதிக்குக் குறுக்கே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைக்க வேண்டும். பிறகு ஸ்கேலை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். எங்கேயும் ஒரு பக்கம் சாயக் கூடாது. இரண்டாவது சீட்டில் கிளாம்ப் பிடித்திருந்த இடத்தின் பின் விளிம்பில், இடது கம்பி 4 மி.மீ. இறங்கியிருக்கிறது. அதே கம்பி நைலானுக்குள் நுழையும் குழியைச் சுற்றி நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. நைலான் தாங்க முடியாமல் இழுபடும்போது அப்படித்தான் வெளுக்கும். அடுத்து அந்த இடம் விரியும். சத்தம் வந்ததும் அங்கிருந்துதான்.

காரணம் கம்பியிலேயே பதிந்திருக்கிறது. சீட்டைக் கடைசி வரை பின்னே தள்ளி மாட்டியிருக்கிறார்கள். கிளாம்ப் தடம், கம்பியில் பொறித்த அளவுக் கோடுகளைத் தாண்டிக் கம்பி வளையத் தொடங்கும் இடத்தில் கிடக்கிறது. வேகத்தடையிலும் பள்ளத்திலும் உட்கார்ந்தபடி விழும் அடி முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும்.

வைஸில் பிடித்து நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்லும் கடைகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு முறை வளைந்த இரும்பை அதே இடத்தில் திரும்ப வளைத்தால் அங்கே விரிசல் பிறக்கும். உள்ளே குழலாக இருக்கும் குரோமோலி எஃகுக் கம்பியில் இன்னும் சீக்கிரம். ஓட்டத்தில் அது முறிந்தால் முனை மேல்நோக்கி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் அதன் மேல் இருப்பார். கம்பி வளைந்தாலோ அடித்தட்டு விரிந்தாலோ சீட்டை மாற்றுவது ஒன்றுதான் வழி. ரெக்சினும் ஸ்பாஞ்சும் கெட்டால் தாராளமாகச் சரிசெய்யலாம்.

முதல் சீட்டின் கம்பிகள் நேராக இருக்கின்றன. குழியோரம் மட்டும் மேல்துரு. வியர்வையும் கடல் காற்றும் சேரும் இடம் அது. 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வாங்கும் நாள். ஒரு பைக்குக்குப் புது சீட், மற்றதற்கு ரெக்சின்.

புது சீட்டுக்கு அகலம்தான் முதல் கேள்வி. கெட்டியான ஸ்டூலில் நெளி அட்டைத் துண்டு ஒன்றைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, சற்று முன்னே குனிந்து, குதிகாலைத் தூக்கி ஒரு நிமிடம் இருக்க வேண்டும். எழுந்ததும் உட்காரும் எலும்புகள் பதிந்த இரண்டு குழி தெரியும். குழி நடுவிலிருந்து குழி நடு வரை அளந்து, 20 முதல் 25 மி.மீ. கூட்டினால் சீட்டின் அகலம் கிடைக்கும். இந்த பைக் ஓட்டுபவருக்கு அளவு 118 மி.மீ. வந்தது, எனவே 140 மி.மீ. சுற்றி. ரத்தன் பஜார் சைக்கிள் கடைகளில் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது கொழுத்த ஜெல் சீட்டாகத்தான் இருக்கும். கடையில் விரலால் அமுக்கிப் பார்க்கச் சுகமாக இருக்கும். ஒரு மணி நேரம் மிதித்தால் ஜெல் ஒதுங்கி எலும்புக்கு நடுவிலுள்ள மென்மையான பகுதியை அழுத்தும், அகலமான ஓரம் தொடையை உரசும். கெட்டியான ஸ்பாஞ்ச், சரியான அகலம், நடுவில் பள்ளம்: இதைக் கேட்டு வாங்குங்கள்.

ரெக்சின், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வண்டி சீட் தைக்கும் கடையொன்றில். சீட் 27-க்கு 14.5 செ.மீ.; பக்கச் சரிவும் உள்மடிப்பும் சேர்த்து 45-க்கு 32 செ.மீ. துண்டு வேண்டும். இரண்டு பக்கமும் இழுபடும் பி.யு. (பாலியூரித்தேன்) ரெக்சின் நல்லது. பி.வி.சி. ரெக்சினை மிருதுவாக வைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து, ஃபெவிகால் எஸ்.ஆர். வகை ரப்பர் பசையை இளக்கிவிடும். முதல் வாரம் கெட்டியாக இருக்கும், வெயிலில் நிறுத்த நிறுத்த ஓரம் பிரியும்.

செப்டம்பர் 27, சனி

பழைய ரெக்சினை இரண்டு நாள் முன்பே கழற்றியாயிற்று. சின்னத் திருப்புளியின் நுனியால், ரெக்சினை அடித்தட்டோடு பிடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின்னைத் தூக்கி, கட்டிங் பிளேயரால் இழுக்கவும். துணியைக் கிழிக்காமல் எடுத்தால் அதுவே வெட்டுவதற்கு மாதிரி.

ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்தது. துண்டுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிழிந்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள் காய வைத்தாயிற்று. ஈரத்தின் மேல் பசை பிடிக்காது, மூடினால் நாற்றம் வரும். மூலையில் பிய்ந்துபோன இடத்துக்குப் பழைய யோகா பாயில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, 120 உப்புத்தாளால் சரிவு வரும் வரை தேய்த்தேன். விரலால் தடவினால் சேர்ந்த இடம் தெரியக் கூடாது. தெரிந்தால் உட்காரும்போதும் தெரியும்.

பசையை இரு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருக்க வேண்டும். வழக்கமாக 10 முதல் 15 நிமிடம், சென்னைப் புழுக்கத்தில் இன்னும் கூட. காலையில் ஈரக் காற்றில் தடவினால் பசை மேல் வெள்ளையாகப் பூக்கும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிகிறது. பூத்த பசை பிடிக்காது. நடுப்பகலில், ஜன்னல் திறந்து, அடுப்பிலிருந்து தள்ளிச் செய்யுங்கள்.

பின் அடிக்கும் வரிசைதான் முழுத் தொழிலும். முதலில் மூக்கில் ஒன்று. துணியைப் பின்னோக்கி இழுத்து வாலில் ஒன்று. பிறகு அகலமான இடத்தில் இடமும் வலமும். அதன்பின் எப்போதும் இரண்டு பின்னுக்கு நடுவில், ஒரு பக்கம் அடித்தால் உடனே எதிர்ப் பக்கம், இடைவெளி 8 முதல் 10 மி.மீ. ஆகும் வரை. ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் துணி முறுக்கிக்கொள்ளும். மூக்கில் சுருக்கம் விழும். அங்கே மடிப்பில் வி வடிவில் வெட்டி, விளிம்புக்கு 5 மி.மீ. முன் நிறுத்தி, ஹேர் டிரையர் சூடு காட்டி இழுத்தால் படியும். பின்னின் கால் 6 மி.மீ. போதும். நீளம் கூடினால் அடித்தட்டு விளிம்பைத் துளைத்து மேலே வரும். ஸ்டெயின்லெஸ் பின் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாப் பின் இந்த ஊர்க் காற்றில் துருவேறி, துணியை அதே கோட்டில் அறுக்கும்.

கிழிசல் 3 செ.மீ.க்குள் என்றால் இத்தனையும் தேவையில்லை. கிழிசலுக்கு அடியில் மெல்லிய துணி ஒன்றை நுழைத்து, அதே பசையால் ஒட்டினால் போதும். ஃபெவிக்விக் மட்டும் வேண்டாம். கல்லாக இறுகி, அதன் ஓரத்திலேயே மறுபடி கிழியும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

புது சீட்டை மாட்டினேன். இந்த பைக்கில் பில்லரின் மேல்முனை 22.2 மி.மீ.க்குக் குறுகும் பழைய வகை, இரு பக்க நட்டுள்ள தனி கிளாம்ப். அதன் பல் சக்கரங்கள் மழுங்கியிருந்தன. எவ்வளவு இறுக்கினாலும் மூக்கு மேலும் கீழும் ஆடும், எனவே கிளாம்பும் புதுசு. இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்க வேண்டும். அலன் கீ போல்ட் உள்ள பில்லர் என்றால், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று நியூட்டன் மீட்டர் கணக்கில் பெரும்பாலும் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். போல்ட் மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவவும்.

முன்பின் அளவை மூக்கை வைத்து அப்படியே மாற்றக் கூடாது. புது சீட்டுகளில் மூக்கு குட்டையாக வருகிறது. பழையதிலும் புதியதிலும் அகலம் சரியாக 80 மி.மீ. இருக்கும் இடத்தைக் குறித்து, அந்தக் கோட்டிலிருந்து ஹேண்டில்பாருக்கு அளந்தால் உட்காரும் இடம் பழையபடியே அமையும். உயரத்தையும் திரும்ப அளக்கவும்; கம்பியிலிருந்து சீட் உச்சி வரை உள்ள தடிமன் ஒவ்வொன்றுக்கும் வேறு. சாய்வு மட்டத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் மூக்கை ஒன்றிரண்டு டிகிரி கீழே இறக்கலாம்.

இரண்டு பைக்கிலும் பில்லரை முழுசாக உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போட்டேன். அலுமினியப் பில்லரும் இரும்பு ஃப்ரேமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பில்லர் குறைந்தபட்சம் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று அதில் பொறித்த கோடு ஃப்ரேமுக்குள் மறைந்தே இருக்கட்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. எல்லா வீட்டிலும் சைக்கிள் குளிக்கும். சீட்டுக்கு அடியிலிருந்து ஹோஸ் அடிக்காதீர்கள். தையலையும் பின் வரிசையையும் தாண்டி உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. ஈரத் துணியால் துடைத்தால் போதும். சந்தனம் குங்குமத்தை ஹேண்டில்பாரில் வையுங்கள். வெளிர் நிற ரெக்சினில் குங்குமக் கறை போகாது.

அக்டோபர் 5, ஞாயிறு

ஒரு வாரம் ஓடியபின் கிளாம்ப் நட்டுகளைத் திரும்ப இறுக்கினேன். புதுப் பல் படியும்போது எப்படியும் கால் சுற்று இளகும். கம்பியில் மார்க்கரால் போட்ட கோடு இடம் மாறவில்லை. ரெக்சின் போட்ட சீட்டில் மூக்கோரம் ஒரு சுருக்கம் எழும்பியிருந்தது. அந்த இரண்டு பின்களை எடுத்து, சூடு காட்டி, இழுத்து அடித்ததும் படிந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் பின் வரிசை மேல் ஒரு கோடு சிலிகான் சீலன்ட் போட வேண்டும். வாலோரம் மட்டும் ஒரு விரலகலம் திறந்திருக்கட்டும், உள்ளே போன ஈரம் அந்த வழியாகக் காயும்.